அறுந்த பாதையை இணைக்கும் பாலம்: நேபாளக் கிராமங்களிடமிருந்து சுவிஸ் கற்றது

சுவிற்சர்லாந்தின் அரசியலமைப்பில் நடைபாதைகளுக்கென்று ஓர் உறுப்புரை இருக்கிறது. 1979ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் நாடு தழுவிய வாக்கெடுப்பின் மூலம் மக்கள் அதைச் சேர்த்தார்கள். இன்று அது 88ஆவது உறுப்புரை. அதன் அடிப்படையில் 1985இல் ஒரு சட்டமும் வந்தது. வரைபடத்தில் பதிவு செய்யப்பட்ட ஒரு நடைபாதை மூடப்பட்டாலோ, மண்ணால் நிரவப்பட்டாலோ, வேறு எந்த வகையில் அறுந்தாலோ, அந்த இடத்து நிலைமைக்கு ஏற்ப மாற்றுப் பாதை ஒன்று கொடுக்கப்பட வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

இந்த நாட்டுக்கு வந்து பல வருடங்களின் பின்னர்தான் இது எனக்குத் தெரியவந்தது. நாங்கள் வந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமைகளில் முதுகுப் பையுடன் மலையேறும் சுவிஸ்காரரைப் பார்த்து, வேலையற்று நடக்கிறார்கள் என்று எங்களுக்குள் பேசிச் சிரிப்பதுண்டு. பொழுதுபோக்காக நடப்பது எமக்குப் பழக்கமில்லாத ஒன்று. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு நாவற்குழிப் பாலத்தில் நெரிபட்டு நகர்ந்தவர்களும், 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தவர்களும் வாழும் சமூகம் எம்முடையது. நீண்ட நடை என்றால் எமக்கு இடப்பெயர்வுதான் முதலில் நினைவுக்கு வரும்.

ஆயினும், பொழுதுபோக்கு நடைபாதை ஒன்றை இணைப்பதற்காக இங்கே கட்டப்பட்ட ஒரு பாலத்தின் கதையை எமது வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தப் பாலத்துக்கான அறிவு ஐரோப்பாவில் பிறந்ததல்ல. எம்மைப் போன்ற, சில காலம் போரையும் கண்ட ஒரு நாட்டின் ஏழைக் கிராமங்களிலிருந்து அது வந்தது.

பனி உருகியதால் அறுந்த பாதை

நான் வசிக்கும் பேர்ண் மாநிலத்தின் மலைப் பகுதியில் காட்மன் என்றொரு பள்ளத்தாக்கு உள்ளது. அதிலிருந்து பிரிந்து மேலே செல்லும் கிளைப் பள்ளத்தாக்கில் ட்ரிஃப்ட் பனியாறு இருக்கிறது. பனியாறு என்பது, ஆண்டாண்டாகப் பெய்த பனி இறுகிக் கட்டியாகி, தன் பாரத்தினாலேயே மிக மெதுவாகக் கீழ்நோக்கி நகரும் பனிக்கட்டித் திரள். அதற்கு அப்பால் ஏறத்தாழ 2,500 மீற்றர் உயரத்தில் சுவிஸ் மலையேறுவோர் கழகத்தின் தங்குமடம் ஒன்று இருந்தது.

அந்த மடத்துக்குப் போகின்றவர்கள் முன்னர் பனியாற்றின் கீழ்ப் பகுதிக்கு மேலாகவே நடந்து மறு கரையை அடைந்தார்கள். பனிக்கட்டியே அவர்களுக்குப் பாலமாக இருந்தது. பூமி வெப்பமடைய, அந்தப் பனிக்கட்டி உருகி மேல்நோக்கிப் பின்வாங்கியது. அது கிடந்த பள்ளத்தில் ஏரி ஒன்று உருவாகியது. ஏரியிலிருந்து தண்ணீர் வெளியேறும் இடத்தில் ஆழமான பாறை இடுக்கு ஒன்று வெளிப்பட்டது. பல தலைமுறைகளாக நடந்து வந்த பாதை, சில ஆண்டுகளுக்குள் நடுவே அறுந்து போனது.

2004ஆம் ஆண்டு அந்த இடுக்குக்குக் குறுக்கே முதலாவது தொங்குபாலம் கட்டப்பட்டது. நேபாளத்துக் கயிற்றுப் பாலங்களே அதற்கு முன்மாதிரி. மடத்துக்குப் போகும் சிலருக்காகக் கட்டிய பாலத்தைப் பார்க்கவென்றே பெருந்தொகையானோர் வரத் தொடங்கினார்கள். பாலமோ காற்றில் பலமாக ஆடியது. எனவே 2009இல் அதற்குப் பதிலாகப் புதிய பாலம் அமைக்கப்பட்டது. அதன் நீளம் 170 மீற்றர். பள்ளத்திலிருந்து உயரம் ஏறத்தாழ 100 மீற்றர். கைபிடிகள் முன்னையதைவிட உயரமாக வைக்கப்பட்டன. காற்றில் அலையாதபடி இழுத்துப் பிடிக்கும் கம்பி வடங்களும் பொருத்தப்பட்டன.

நான் அதில் நடந்திருக்கிறேன். நடுப்பகுதிக்கு வரும்போது முன்னால் போகின்றவரின் ஒவ்வொரு அடியும் எமது காலில் தெரியும். பயப்பட ஒன்றுமில்லை என்று அறிவு சொன்னாலும் கை தானாகவே கம்பியை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

அறிவு வந்த வழி

நேபாளத்தின் மலைக் கிராமங்களில் ஆறு என்பது எல்லை. எதிர்க் கரையில் கண்ணுக்குத் தெரியும் பாடசாலைக்கோ வைத்தியசாலைக்கோ போக, பல மணி நேரம் சுற்றி நடக்க வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் அதுவும் முடியாது. 1964இல் அந்நாட்டு அரசாங்கம் தொங்குபாலங்களுக்கென்று தனியான பிரிவு ஒன்றை ஏற்படுத்தியது. 1970களிலிருந்து சுவிற்சர்லாந்து அதற்குத் தொழில்நுட்ப உதவியும் நிதி உதவியும் வழங்கியது.

ஆரம்பத்தில் எல்லாவற்றையும் தலைநகரப் பொறியியலாளர்களே தீர்மானித்தார்கள். அப்படிக் கட்டுவதற்குக் காலமும் பணமும் அதிகம் தேவைப்பட்டன. தேவைப்பட்ட பாலங்களோ ஆயிரக்கணக்கில் இருந்தன. 1989இல் அணுகுமுறை மாறியது. கிராமத்தவர்கள் மரபாகக் கட்டி வந்த பாலங்களை ஆராய்ந்து, அதற்குப் பொறியியல் கணக்கைச் சேர்த்து, எளிமையான பொது வடிவங்களை உருவாக்கினார்கள். பாலம் வேண்டும் என்று கேட்பதும், இடத்தைத் தெரிவு செய்வதும், கட்டுவதும், பராமரிப்பதும் கிராமத்தின் பொறுப்பாயிற்று. உருக்கு வடங்களையும் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளரையும் வெளியிலிருந்து கொடுத்தார்கள். கல், மணல், உழைப்பு என்பன கிராமத்தின் பங்கு.

வீதி இல்லாத இடத்துக்கு உருக்கு வடம் எப்படிப் போகும்? நீண்ட வடத்தைத் துண்டாக்க முடியாது. எனவே அதைச் சிறு சிறு சுருள்களாகச் சுற்றி, சுருளுக்கு ஒருவராகப் பலர் தோளில் ஏற்றி, ஒருவர் பின் ஒருவராக மலைப் பாதையில் நடந்து கொண்டுபோவார்கள். ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும்.

1996 முதல் 2006 வரை அந்நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்தது. பல அபிவிருத்தித் திட்டங்கள் கிராமங்களை விட்டு வெளியேறின. பாலம் கட்டும் வேலை மட்டும் முற்றாக நிற்கவில்லை. அது கிராமத்தின் வேலையாக இருந்ததும், கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்ததும் அதற்குக் காரணங்கள். இன்று அந்நாட்டில் கட்டப்பட்ட நடைபாலங்களின் எண்ணிக்கை 10,000ஐத் தாண்டிவிட்டது. அவற்றில் சிலவற்றில் வெளிநாட்டு மலையேறிகளும், புத்தகப் பையுடன் பிள்ளைகளும், சுமை ஏற்றிய கோவேறு கழுதைகளும் மாறி மாறிக் கடக்கிறார்கள்.

பாலம் எப்படி நிற்கிறது?

உடுப்புக் காயப்போடும் கொடியை எடுத்துக்கொள்ளுங்கள். கொடியைத் தொய்வாகக் கட்டினால் ஈர உடுப்பின் பாரத்தை இலகுவாகத் தாங்கும். தொய்வே இல்லாமல் இறுக்கிக் கட்டினால், அதே உடுப்பின் பாரத்துக்கே கொடி அறுந்துவிடும், அல்லது கட்டிய கப்பு சாய்ந்துவிடும். தொய்வு குறையக் குறைய இழுவிசை கூடும். தொங்குபாலத்தின் அடிப்படை இதுதான்.

ஓர் உதாரணம். 100 மீற்றர் நீளமான பாலம். நடுவில் 5 மீற்றர் தொய்வு. பாலமும் அதில் நிற்கும் மக்களுமாகச் சேர்ந்து 20 தொன் பாரம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கரையிலும் வடங்கள் கிடையாக இழுக்கும் விசை ஏறத்தாழ 50 தொன். பாலம் மட்டமாக, அழகாக இருக்க வேண்டும் என்று நினைத்துத் தொய்வை 2.5 மீற்றராகக் குறைத்தால், அதே பாரத்துக்கு இழுவிசை 100 தொன்னாகிவிடும். எனவேதான் தூண் இல்லாத தொங்குபாலத்தில் முதலில் இறங்கிப் பின்னர் ஏற வேண்டியிருக்கிறது. அது கட்டியவரின் குறையல்ல.

இந்த இழுவிசையைக் கரை தாங்க வேண்டும். கரையில் உறுதியான பாறை இருந்தால், அதில் துளையிட்டு உருக்குக் கம்பிகளை இறக்கிச் சீமெந்துக் கலவையால் இறுக்குவார்கள். மண் கரையாயின், நிலத்துக்குள் பெரிய கொங்கிரீட் கட்டியைப் புதைத்து, அதன் மேல் கல்லை நிரப்பி, அந்தப் பாரத்தினால் வடத்தைப் பிடித்து வைப்பார்கள். பாலத்தில் கண்ணுக்குத் தெரிவது நடைதட்டும் கம்பியும்தான். கண்ணுக்குத் தெரியாத இந்த நங்கூரத்துக்கும் மிகுந்த கவனம் தேவை.

நடைதட்டு முன்னர் பலகையாக இருந்தது. இப்போது துருப்பிடிக்காதபடி நாகம் பூசிய உருக்குத் தட்டுகளே அதிகம். நேபாளத்தின் பொது வடிவங்களில் அகலம் 70 சென்ரிமீற்றர், அல்லது 106 சென்ரிமீற்றர். இரு பக்கமும் கம்பி வலை கட்டாயம். பெரியவர் கைபிடியைப் பிடித்துக்கொள்வார். சிறு பிள்ளையும் ஆட்டுக்குட்டியும் விழாமல் தடுப்பது அந்த வலைதான்.

இடத்தைத் தெரிவதில்தான் உயிர்

சுவிற்சர்லாந்தின் தென்பகுதியில் கிரேக்கன் என்ற ஊரிலிருந்து செர்மாற் வரை மலைச்சரிவு வழியாக நீண்ட நடைபாதை ஒன்று செல்கிறது. ரண்டா என்ற கிராமத்துக்கு மேலே, பாறைகள் உருண்டு விழும் ஓரிடத்தைக் கடப்பதற்காக 2010இல் ஒரு தொங்குபாலம் கட்டினார்கள். கட்டிச் சிறிது காலத்துக்குள் விழுந்த பாறைகள் அதைச் சேதப்படுத்தின. பாலம் மூடப்பட்டது. நடப்பவர்கள் பள்ளத்தாக்குக்கு இறங்கி மீண்டும் ஏற வேண்டியதாயிற்று.

2017 யூலையில் புதிய பாலம் திறக்கப்பட்டது. இம்முறை பாறை விழும் பகுதியைத் தவிர்த்து வேறு இடத்தைத் தெரிந்தார்கள். அதனால் நீளம் 494 மீற்றராகியது. பணக்கார நாடு, திறமையான பொறியியலாளர்கள், எல்லாம் இருந்தும் இடம் சரியில்லையென்றால் பாலம் நிலைக்காது என்பதற்கு இது நல்ல சான்று.

ஆற்றுக்குக் குறுக்கே கட்டும்போது கவனிக்க வேண்டியவை வேறு. ஆறு வளைந்து அரிக்கும் வெளிக்கரையைத் தவிர்க்க வேண்டும். கண்டிராத அளவு பெருவெள்ளம் வந்த ஆண்டில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று ஊரிலுள்ள முதியவர்களிடம் கேட்க வேண்டும். அந்த மட்டத்துக்கு மேல் குறைந்தது 5 மீற்றர் இடைவெளி விட்டே பாலத்தின் மிகத் தாழ்ந்த பகுதி இருக்க வேண்டும் என்பது நேபாளத்தில் பின்பற்றப்படும் விதி. வெள்ளம் தனியே வருவதில்லை, வேரோடு பிடுங்கிய மரங்களையும் கொண்டுவரும்.

கணக்கை வாசிக்கும் கூட்டம்

நேபாள முறையில் என்னைக் கவர்ந்தது பொறியியலைவிட, பாலத்தைப் பாவிப்பவர்களின் குழுதான். இரு கரைகளிலும் உள்ளவர்கள் அதில் இருப்பார்கள். பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் இடம் ஒதுக்கப்பட வேண்டும். வேலை தொடங்க முன்னர் ஊர்க்கூட்டம் கூட்டி, எவ்வளவு பணம் வருகிறது, எதற்குச் செலவாகும், யாருக்கு என்ன கூலி என்பதைச் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் மறுபடியும் கூட்டி, வரவு செலவை எல்லோர் முன்னிலையிலும் வாசிக்க வேண்டும். எழுத வாசிக்கத் தெரியாதவர்களும் எழுந்து கேள்வி கேட்கலாம்.

அதன் பிறகு பராமரிப்பு. தளர்ந்த ஆணிகளை இறுக்குவது, நங்கூரத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டுவது, பற்றையை அகற்றுவது, கிழிந்த வலையைக் கட்டுவது என்பன சிறு வேலைகள். இவற்றை யாரும் செய்யாவிட்டால் எவ்வளவு நல்ல பாலமும் காலத்துக்கு முன்னரே பழுதாகிவிடும். அதனால் ஊரில் ஒருவரைப் பொறுப்பாக நியமிப்பார்கள். பெரிய திருத்தம் என்றால் மட்டுமே அரசாங்கத்தின் உதவியைக் கேட்பார்கள்.

எமது மண்ணில்

இதை வாசித்துவிட்டு, வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் தொங்குபாலம் கட்டலாமா என்று யாரும் கேட்டால், பெரும்பாலான இடங்களில் வேண்டாம் என்பதே பதில். தொங்குபாலத்துக்கு இரு பக்கமும் உயர்ந்த கரை வேண்டும். எமது நிலம் தட்டையானது. கடல்நீரேரியின் உப்புக்காற்று உருக்கை விரைவில் தின்றுவிடும். சிறு வாய்க்காலுக்கு ஒரு காலத்தில் பனங்குற்றி போட்டோம். இன்று அந்த இடத்துக்கு மதகோ, குறுகிய கொங்கிரீட் நடைபாலமோ போதும். அகலமான நீரேரிக்குத் தூண்களில் நிற்கும் பாலமே பொருந்தும்.

மலையகத்தின் நிலை வேறு. ஓடைகளும் செங்குத்துச் சரிவுகளும் நிறைந்த அந்த நிலத்துக்குத் தொங்குபாலம் பொருந்தும். பேராதனைப் பூங்காவின் ஓரத்தில் மகாவலிக்கு மேலுள்ள தொங்குபாலத்தில் எமது மாணவர்கள் பலர் நடந்திருப்பார்கள். கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் ‘பெக்கோ ட்ரெயில்’ என்ற நடைபாதை இப்போது வெளிநாட்டவர்களை ஈர்க்கிறது. அந்தப் பாதையின் பெரும்பகுதி தேயிலைத் தோட்டங்களுக்கூடாகவே செல்கிறது. தோட்டத் தொழிலாளர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் நாளாந்தம் நடக்கும் பாதைகள் அவை. அங்கே ஒரு நடைபாலம் கட்டப்படுமானால், லயத்திலிருந்து பாடசாலைக்குப் போகும் பிள்ளை எந்த இடத்தில் ஓடையைக் கடக்கிறதோ அந்த இடத்தில் அது அமைய வேண்டும். சுற்றுலாப் பயணி ஐந்து நிமிடம் சுற்றி வரலாம். மழை நாளில் அந்தப் பிள்ளையால் முடியாது.

இதில் சட்டத்தின் பங்கும் உண்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆவது பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் தமது நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பது வருடங்களாக, வாக்களித்த மக்களின் ஓடைக்கு ஒரு பாலம் போடக்கூடச் சபைக்கு வழி இருக்கவில்லை. இன்று அந்தத் தடை இல்லை. எனவே கேட்கலாம்.

வடக்கில் அறுந்த பாதைகளின் காரணம் பனியுமல்ல, பாறையுமல்ல. வலிகாமம் வடக்கில் 1990 முதல் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட ஒழுங்கைகளுக்கு யாரும் மாற்றுப் பாதை தரக் கடமைப்பட்டிருக்கவில்லை. ஒரு பாதை அறுந்தால் இன்னொன்றைக் கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்த நாட்டில் இருந்துகொண்டு அதை நினைக்கும்போது, அந்தச் சுவிஸ் சட்டத்தின் பெறுமதி விளங்குகிறது.

பாலம் வரும்வரை மக்கள் எப்படிக் கடப்பார்கள் என்ற கேள்வியும் திட்டத்துக்குள் இருக்க வேண்டும். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில் மாற்றாக ஓடிய மிதவைப் பாதை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் அதில் உயிரிழந்தார்கள். அந்தக் காலைப்பொழுதை அந்த ஊர் மறக்காது. பாலத்துக்கான செலவுக் கணக்கில், கட்டி முடியும்வரை பாதுகாப்பாகக் கடப்பதற்கான செலவும் முதல் வரியிலேயே எழுதப்பட வேண்டும்.

புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்களுக்கு

இங்குள்ள எமது ஊர்ச் சங்கங்கள் கோபுரம் கட்டவும், வாசிகசாலை திருத்தவும், விளையாட்டு மைதானம் அமைக்கவும் பணம் சேர்க்கின்றன. ஒரு வாய்க்காலுக்கு மேல் சிறு நடைபாலம் என்பதும் அந்த அளவுக்குள் அடங்கக்கூடிய வேலைதான். ஆனால் பணம் அனுப்புவதற்கு முன்னர் சில கேள்விகளுக்கு ஊரிலிருந்து பதில் வர வேண்டும்.

அந்த இடத்தை ஒரு நாளில் யார் யார் கடக்கிறார்கள்? இரு கரைக் காணிகளும் யாருடையவை, அவர்கள் எழுத்தில் சம்மதித்தார்களா? பிரதேச செயலகம், பிரதேச சபை, நீர்ப்பாசனத் திணைக்களம், கடலோரமாயின் கரையோரம் பேணல் திணைக்களம் ஆகியவற்றின் அனுமதி இருக்கிறதா? பொறியியலாளர் ஒருவர் வரைபடத்தில் கையொப்பம் இட்டாரா? மண் பரிசோதனை நடந்ததா? மாரி மழை வெள்ளம் எதுவரை ஏறும்? கணக்கை ஊர்க்கூட்டத்தில் யார் வாசிப்பார்? பத்து வருடங்களின் பின் ஆணியை இறுக்கப்போவது யார்?

கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால், பணத்தை அனுப்பாமல் பொறுத்திருப்பது நல்லது. பதில் இருந்தால், பாலத்தின் பெயர்ப்பலகையில் கொடுத்தவரின் பெயரோடு, பராமரிக்கும் குழுவைத் தொடர்புகொள்ளும் வழியையும், ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பாவிக்கும் மக்களுக்குப் பின்னைய இரண்டும்தான் முக்கியம்.

உங்கள் ஊரில் எந்தப் பாதை எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்பதை நீங்களே நன்கு அறிவீர்கள். மாரி தொடங்க முன்னர், ஒருநாள் அதில் நடந்து பார்த்து, கடக்க முடியாத இடத்தைக் கடுதாசியில் வரைந்து, கடக்கின்றவர்களின் எண்ணிக்கையையும் எழுதி, அடுத்த பிரதேச சபை அமர்வுக்கு முன்னர் உங்கள் உறுப்பினரிடம் கையளியுங்கள். நேபாளத்திலும் பல பாலங்கள் கிராமத்தவர் கொடுத்த அப்படியொரு கோரிக்கையில்தான் தொடங்கின.